ஜீப்பின் பின்கதவில் போட்ட பனி

1

விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று காலை, முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு உருளைக்கிழங்குத் தோல் சீவும் பெட்ரா, ஊருக்குப் போய் என்ன செய்தாய் என்று கேட்டாள்.

"வேலை செய்தேன்" என்றேன்.

சீவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "சம்பளத்துக்கா?"

"இல்லை."

"நல்லது. சம்பளத்துக்கு என்றால் வெளியே சொல்லிவிடாதே. விடுமுறையில் ஓய்வுதான் எடுக்க வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது."

அவள் முகத்தில் பரிதாபம் வந்துவிட்டது. அவ்வளவு தூரம் பறந்து போனவள், படுத்து எழுந்து தின்று உறங்காமல் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறாளே என்று. அன்று என் பங்கு வெங்காயத்தையும் அவளே உரித்தாள். அந்த வேலை எனக்குக் கிடைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளிடம் சொல்ல என் ஜெர்மனுக்கு வலு போதாது. பஸ் பிடிக்க, மாத்திரை வாங்க, மேலாளரிடம் மன்னிப்புக் கேட்க எல்லாம் அது தாராளமாகப் போதும். மனசில் இருப்பதைச் சொல்ல வரும்போதுதான் அந்த மொழியில் மேசை ஆணா பெண்ணா, கதவு ஆணா பெண்ணா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசித்து முடிப்பதற்குள் கேட்கிறவர் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்.

அதனால் தமிழ் படிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு ஜீப்பும் தெரியும், ஏலக்காயும் தெரியும், போடிமெட்டு மலை ரோடும் தெரியும். பாதி விளக்கம் மிச்சம்.

2

நான் செல்வி, போடிக்காரி. கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு இயந்திர பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. நெக்கர் ஆற்றோரம் ஒரு சின்ன ஊரில் அடுக்குமாடி வீடு. ஒரே மகன் கதிர், வடக்கே ஹாம்பர்க்கில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். நான் தமிழில் கேட்பேன், அவன் ஜெர்மனில் பதில் சொல்வான். சாப்பாடு, வேலை, வானிலை என்று மூன்று கேள்வி முடிந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் விஷயம் தீர்ந்துவிடும்.

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். காலில் சக்கரம் கட்டினவள் என்று வீட்டில் சொல்வார்கள். பள்ளிக்கூட லீவில் ஏலக்காய் ஸ்டோருக்குக் காய் பொறுக்கப் போவேன். வாய் பிளந்த காய், பூச்சிக் காய், வெளிறின காய் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நல்ல பச்சைக் காயைத் தனியாகக் குவிக்க வேண்டும். என் கை வேகத்தைப் பார்க்க மேஸ்திரியே வந்து நிற்பார். அந்த வேகம்தான் என்னிடம் இருந்த ஒரே சொத்து.

இப்போது ஊருக்குப் போனால் அந்தக் கைக்கு வேலையே இல்லை. போய் இறங்கினதும் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். கேன் தண்ணி வாங்கி வைத்திருப்பார்கள், என் வயிற்றுக்கு ஊர்த் தண்ணி ஒத்துக்கொள்ளாதாம். சாப்பிட்ட தட்டை எடுத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். அண்ணன் முருகேசனின் மனைவி, என் மதினி, என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். ஒரு காலத்தில் எனக்கு "வாடி, போடி"தான். இப்போது "வாங்க, போங்க, ஒக்காருங்க" என்கிறாள். நான் எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். "நீங்க வருசம் தவறி வர்றீக, ஒங்களப் போயி வாடின்னு சொல்ல வாய் வருமா" என்று சிரிக்கிறாள்.

அது மரியாதைதான், பிரியமும்தான். ஆனால் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். ஜெர்மனியில் நான் வந்தேறி, போடியில் விருந்தாளி. இரண்டு இடத்திலும் நாற்காலி போடுகிறார்கள், இரண்டு இடத்திலும் அந்த வீட்டாளாக இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். நான் போகாவிட்டால் நடக்காது என்கிற மாதிரி, ஊரில் எனக்கென்று ஒரு சோலி வேண்டும். சின்னதாக இருந்தாலும் போதும். காற்றால் பெயின்ட் ஊதிப் படம் போடும் ஏர்பிரஷ்ஷை நான் பழகின கதை இதில்தான் வந்து சேர்கிறது.

3

ஏர்பிரஷ் என்னுடையது இல்லை. கதிர் வாங்கியது. சின்னச் சின்னப் போர்வீரன் பொம்மைகளுக்குச் சாயம் அடிக்கிற ஆசை ஒரு காலத்தில் அவனுக்கு இருந்தது. ஊர் மாறிப் போகும்போது பொம்மைகளை எடுத்துக்கொண்டு இதை நிலவறையில் விட்டுவிட்டான். அந்தப் பெட்டியை விற்றுவிடச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னான். நானும் சரி என்றேன். விற்பதற்கு முன்னால் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் பெட்டியைத் திறந்தேன்.

பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். மேலே பெயின்ட் ஊற்ற ஒரு குட்டிக் கிண்ணம், உள்ளே நீளமாக ஒரு ஊசி, மேலே விரல் வைக்க ஒரு விசை. குழாய் வழியாகக் கம்ப்ரசரிலிருந்து காற்று வரும். விசையைக் கீழே அழுத்தினால் காற்று, அழுத்தினபடியே பின்னால் இழுத்தால் பெயின்ட். அவ்வளவுதான் பாடம். ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் நாள் காகிதத்தில் விழுந்ததெல்லாம் கறை. பெயின்ட் ஒரே இடத்தில் கொட்டி, காற்று அதை ஊதி, நாலா பக்கமும் கால் முளைத்து ஓடியது. தண்ணீர் குறைந்தால் அடைத்துக்கொண்டது, கூடினால் வழிந்தது. ஆத்திரத்தில் ஊசியை அழுத்தி உள்ளே தள்ளினேன், நுனி வளைந்துவிட்டது. நுனி வளைந்தால் பெயின்ட் ஒரு பக்கமாகத் துப்பும். புது ஊசி வாங்கக் கடைக்குப் போனேன். அங்கே பனி வேண்டும் என்று கேட்டேன், மூடுபனி வரைவதற்கு ஏற்ற வெள்ளை என்கிற அர்த்தத்தில். கடைக்காரப் பையன் மரியாதையாக என்னை அடுத்த வரிசைக்கு அழைத்துப் போய், கல்யாண வீட்டில் புகை விடுகிற மிஷினைக் காட்டினான்.

நகராட்சி நடத்தும் மாலை வகுப்பில் உர்சுலா என்று ஒரு பெண்மணி ஏர்பிரஷ் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். மோட்டார் சைக்கிள் டேங்குகளுக்குப் படம் போடுகிறவர். முதல் வகுப்பில் எல்லாரும் பூ, பறவை என்று தொடங்கினோம். அவர் என் பக்கத்தில் வந்து நின்று, "இவ்வளவு அவசரமாக நீ எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும்?" என்று கேட்டார். பிறகு சொன்னார், கொஞ்ச காலத்துக்கு ஒன்றையும் வரையாதே, புள்ளி மட்டும் வை, கோடு மட்டும் போடு.

வைத்தேன். சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாள்களின் பின்பக்கம் எல்லாம் புள்ளி. முதலில் காற்றைத் திறக்க வேண்டும், அப்புறம் பெயின்ட்டை. மூடும்போது முதலில் பெயின்ட், கடைசியில் காற்று. என் கைக்கு அது ஏறவே இல்லை. காய் பொறுக்கின கை, எடுத்ததும் விட்டுவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டால் நுனியில் ஒரு சொட்டுத் தங்கும், அடுத்த தடவை திறக்கும்போது அது துப்பும். திரும்பத் திரும்பத் துப்பியது. எனக்கு நானே வாய்விட்டுத் திட்டிக்கொள்வேன். துணி துவைக்க நிலவறைக்கு வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

4

இங்கே சத்தத்துக்கும் நேரம் இருக்கிறது. மதியம் ஓய்வு நேரம், ஞாயிறு முழுக்க ஓய்வு, இரவு சொல்லவே வேண்டாம். என் கம்ப்ரசர் பெரிய சத்தம் ஒன்றும் போடாது, கிழட்டு மிக்சி அளவுதான். இருந்தாலும் கீழ்வீட்டுக்காரர் வீட்டு நிர்வாகத்துக்குப் புகார் கொடுத்தார். நிர்வாகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. நிலவறையை என்ன நோக்கத்துக்குப் பயன்படுத்துகிறேன், பொழுதுபோக்கா, தொழிலா, இரண்டில் ஒன்றுக்குக் குறியிட வேண்டும்.

அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பொழுதுபோக்கு என்றால் பொழுது போகாதவர்கள் செய்வது. எனக்குப் பொழுது எங்கே போகாமல் கிடக்கிறது? தொழில் என்றால் யாராவது வேலை கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பொழுதுபோக்குன்னு போடு, இல்லாட்டி வரி ஆபீசிலிருந்து தாள் வரும்" என்றார். போட்டேன். போடும்போது சுருக்கென்றுதான் இருந்தது.

அனுமதி கிடைத்தது, மாலையில் குறிப்பிட்ட நேரம் மட்டும். நேரத்தை அளந்து கொடுத்துவிட்டதால் அவசரப்படுவதில் அர்த்தம் இல்லாமல் போனது. அந்த நேரத்துக்குள் எதையும் முடிக்க முடியாது. முடிக்க முடியாது என்று ஆனபிறகுதான் நான் புள்ளியைப் புள்ளியாகப் பார்த்தேன். நிலவறையில் ஒரு மஞ்சள் விளக்கு, காற்று வருகிற மெல்லிய சீறல், சாம்பல் நிறம் ஒன்றுமில்லாததிலிருந்து மெல்ல மெல்லக் கூடி வருவது. ஒரு நாள் மூடும்போது துப்பவில்லை. விரல் தானாகவே முதலில் பெயின்ட்டை விட்டு, பிறகு காற்றை விட்டது. நான் சிரித்துவிட்டேன். தனியாக நிலவறையில் சிரித்தவள் எங்கள் கட்டடத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்கப்புறம் அது எனக்குப் பிடித்துப்போயிற்று. தவம் மாதிரிப் பல்லைக் கடித்துச் செய்துகொண்டிருந்ததை ஆசையாகச் செய்யத் தொடங்கினேன். கை பழகுவதற்கும் ஆசை வருவதற்கும் எது முந்தியது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

பனி வந்தது அதற்கும் பிறகுதான். பனியை வரைய முடியாது என்று கண்டுபிடித்தேன். மலையை வரைய வேண்டும், மரத்தை வரைய வேண்டும், ரோட்டோரக் கல்லை வரைய வேண்டும். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வரைந்துவிட்டு, அப்புறம் தண்ணீராகக் கரைத்த வெள்ளையைத் தூரத்தில் பிடித்து ஊதி, அவற்றை ஒவ்வொன்றாக மறைக்க வேண்டும். வரைந்த மலையை மறைக்க முதலில் மனசு வரவில்லை. வகுப்பில் உர்சுலா என் தாளைப் பார்த்து, இந்தப் பனியை நீ எங்கே பார்த்தாய் என்று கேட்டார். போடிமெட்டு என்றேன். அந்தப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை, "நல்ல இடம்" என்று மட்டும் சொன்னார்.

5

இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது கம்ப்ரசரையும் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே சுருட்டி வைத்துக்கொண்டு போனேன். மதுரை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். "இதென்னம்மா, பெயின்ட் அடிக்கிற மிசினா? தொழில் பண்றீங்களா?" என்றார் அதிகாரி. "பழகிக்கிட்டு இருக்கேன் சார்" என்றேன். அவர் என் வயசை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

அண்ணனுக்கு ஒரு ஜீப்பு இருக்கிறது. விடியும் முன்னால் போடியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டைத் தாண்டி ஏலத் தோட்டங்களுக்குக் காயெடுக்கக் கொண்டு விடுவார், சாயங்காலம் கூட்டி வருவார். நான் போன சமயம் வண்டி எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்காக ஒர்க்‌ஷாப்பில் நின்றது. உடம்பு முழுக்கக் கரும்பச்சையில் பெயின்ட் அடித்து முடித்திருந்தார்கள். பின்கதவு மட்டும் தனியாகக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது. அதில் ஏதாவது படம் ஒட்டுவது அண்ணன் வழக்கம்.

"அத நான் போட்டுத் தர்றேண்ணே" என்றேன்.

"எதை?"

"பின்கதவுல படம்."

அண்ணன் சிரித்தார். "வந்த எடத்துல ஒனக்கெதுக்குத்தா இந்தச் சோலி? நாலு நாளு நல்லா ஒக்காந்து தின்னுட்டுப் போ." நான் விடவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொப்புச் சாமான் கொடுப்பது போல, ஒர்க்‌ஷாப் மூலையில் கிடந்த ஒரு நசுங்கின பழைய கதவை எடுத்துக் கொடுத்து, இதில் வரைந்து விளையாடு என்றார். அங்கேயே ஒரு நாற்காலியும் கொண்டு வந்து போட்டார்கள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்த நாற்காலியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

எறியவில்லை. பழைய கதவைத் தேய்த்துச் சுத்தம் செய்து உட்கார்ந்தேன். கரண்டு போகும், வரும். போகும்போது ஊசியைக் கழற்றிக் கழுவிவிட்டுக் காத்திருப்பேன். அண்ணன் முதல் நாள் எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் வந்து பார்த்தார். அடுத்த நாள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன, மெட்டா?"

"ஆமாண்ணே. பனி எறங்குறப்ப."

"ஏத்தா, அந்தப் பனிக்குள்ள வண்டி ஓட்டி ஓட்டி எனக்குக் கண்ணே பூத்துப்போச்சு. நீ வேற அத வண்டியிலயும் கொண்டாந்து போடுறியே. ஒரு சூரியன் போடு, கழுகு போடு."

"சூரியன் எனக்கு வராது. பனிதான் வரும்."

சுவரில் சாய்த்திருந்த பின்கதவைத் திரும்பிப் பார்த்தார். "சரி, பின்னால போட்டா என் கண்ணுல படாது. போட்டுக்க. திங்கக்கெழம எஃப்.சி. அதுக்குள்ள வெரசா முடிக்கணும், சொல்லிட்டேன்."

அது போதும் எனக்கு. ஊரில் ஒரு வேலை, அதற்கு ஒரு கெடு, கெடு தவறினால் கேட்க ஒரு ஆள். இதைக் கெடுத்துக்கொண்டால் இனி எத்தனை வருஷம் வந்தாலும் நாற்காலிதான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

6

நடுவில் இங்கத்திய கதை ஒன்று சொல்ல வேண்டும். ஏலக்காய் டப்பாவை நான் ஜெர்மனியில் திறந்தால் படிக்கட்டு வரைக்கும் மணக்கும். மேல்மாடியில் இருக்கும் கிழவர் இன்றைக்கு என்ன பலகாரம் என்று கேட்பார். டப்பாவைத் தொட்ட கையோடு நான் ஏர்பிரஷ் பக்கம் போகவே மாட்டேன். காயில் எண்ணெய் உண்டு, பெயின்ட் அடிக்கிற இடத்தில் எண்ணெய்ப் பசை கொஞ்சமும் கூடாது. இருந்தால் அந்த இடத்தில் பெயின்ட் பிடிக்காது, சுருங்கி விலகிக் குட்டிக் குட்டிக் குழியாக நிற்கும். தொடங்கும் முன்னால் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது என் வழக்கம். ஏலக்காய் வாசம் மூக்கில் பட்டாலே கையைக் கழுவ ஓடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை போடியில், மதியத்துக்குள் மலைகள் முடிந்துவிட்டன. மரங்கள், வளைவு, ஓரத்துக் கைப்பிடிச் சுவர் எல்லாம் ஜீப்பின் பின்கதவில் வந்துவிட்டன. பனி மட்டும்தான் பாக்கி. அது காயட்டும் என்று வீட்டுக்குப் போனேன். மதினி முற்றத்தில் சாக்கை விரித்துக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டோரிலிருந்து கூலிக்கு வாங்கி வந்து வீட்டில் பொறுக்குவாள். நான் கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தடுக்கும் முன்னால் கை ஓட ஆரம்பித்துவிட்டது. வாய் பிளந்ததை இந்தப் பக்கம், நல்லதை அந்தப் பக்கம். எத்தனை வருஷமானாலும் கை மறக்கவில்லை. மதினி கூட வாயைப் பிளந்து பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தோடு அப்படியே எழுந்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்தேன், கதவை ஸ்பிரிட்டால் துடைத்தேன், பனி எந்த உயரத்தில் தொடங்க வேண்டும் என்று விரல் வைத்து அளந்து பார்த்தேன், ஊதினேன்.

நாலைந்து இடத்தில் வெள்ளை நிற்காமல் விலகியது. என் விரல்கள் பட்ட இடம் அப்படியே வட்ட வட்டமாகக் குழிந்து, மலையின் கருப்பு வெளியே தெரிந்தது. கையை முகர்ந்து பார்த்தேன். வாசம் எதுவும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? போடியில் ஒர்க்‌ஷாப்பும் தெருவும் பஸ்சும் எல்லாம் அந்த வாசம்தானே. வந்த சில நாளில் என் மூக்கு அதை விட்டுவிட்டது. ஜெர்மனியில் நான் செய்யவே மாட்டாத தப்பை, ஊர்க்காரியாகிவிட்டதால் செய்துவிட்டேன்.

அண்ணன் வந்து குனிந்தார்.

"என்னத்தா இது, அம்மை போட்ட மாதிரி?"

"காய்ப் பிசுக்குண்ணே. கையில இருந்திருக்கு."

"காய் பொறுக்குன கையோட வந்து கதவத் தொட்டியா?" குரல் ஏறிவிட்டது. "பெயின்ட் வேலைக்கு வர்றவ கையக் கழுவிட்டு வர வேணாமா? விடிஞ்சா எஃப்.சி. வண்டிய நிப்பாட்டி எத்தன நாளாச்சு, அங்கிட்டுத் தோட்டத்துல போன் மேல போன் போடுறாக. நீ இங்கன பிசுக்கப் பூசி வச்சிருக்க. இன்னும் எம்புட்டு நேரம் ஆகும், சொல்லு."

சத்தம் கேட்டு, டீ கொண்டு வந்த மதினி ஓடி வந்தாள். "என்னங்க நீங்க, வந்த பிள்ளையப் போயி இப்பிடி..."

"வந்த பிள்ளையாவது? வேலைன்னு எறங்குனா எல்லாரும் ஒண்ணுதான்."

மதினி கதவைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். "ஏன்டி, ஒரு வாய் தண்ணிய ஊத்திக் கழுவிட்டுப் போனா என்னடி ஒனக்கு?" என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. அழுகை முட்டியது. அதே நேரத்தில், சொன்னால் சிரிப்பீர்கள், அந்த இரண்டு பேரும் என்னை இன்னும் நாலு வார்த்தை திட்ட மாட்டார்களா என்றும் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், நான் உட்காரும் நாற்காலியில் அண்ணனே உட்கார்ந்துவிட்டார்.

எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கத்தான் கை பரபரத்தது. அது பழைய செல்வியின் கை. கையைத் துணி சோப்பால் தேய்த்துக் கழுவினேன். குழி விழுந்த இடத்தை மட்டும் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, காய விட்டு, மறைந்துபோன மரத்தைத் திரும்ப வரைந்தேன். பிறகு பனியை ஊதினேன், இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு மெல்லிசாக. காய வேண்டும், அப்புறம் அடுத்த பூச்சு, அதுவும் காய வேண்டும். அண்ணன் பின்னாலிருந்து "ஆச்சா, ஆச்சா" என்று அரித்துக்கொண்டே இருந்தார்.

"பொறுண்ணே" என்றேன். என் ஆயுசில் நான் இன்னொருத்தரைப் பொறுத்திருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்ததாக மதினி பிற்பாடு சொன்னாள். எனக்கு நினைவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பனி விலகாமல் கதவில் நின்றது. ஒர்க்‌ஷாப் பெயின்டர் மேலே கிளியர் கோட்டு என்கிற நிறமில்லாப் பூச்சு அடித்தார். குழி இருந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

7

எஃப்.சி. முடிந்தது. மறுநாள் விடியக்காலை வண்டி ஏற வந்த பெண்கள் பின்கதவு முன்னால் கூடிவிட்டார்கள். பொன்னுத்தாயி என்று ஒருத்தி, பல வருஷமாக அண்ணன் வண்டியில் போகிறவள், தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். படத்தில் மலை பாதிதான் தெரியும், ஒரு வளைவும் கொஞ்சம் சுவரும், மற்றதெல்லாம் வெள்ளை.

"இது கடைசி வளைவுக்கு முந்துன வளைவுல்ல? இங்கன வர்றப்பத்தான் எனக்கு எப்பவும் கொமட்டும்" என்றாள். அப்புறம், "கொள்ளாம்" என்றாள். மலையாளத்தோடு பழகி மலையில் ஒட்டிக்கொண்ட சொல் அது, நன்றாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். கிடைத்த பாராட்டு அவ்வளவுதான். அவள் கதவைப் பிடித்து ஏறினாள், பின்னாலேயே எல்லாரும் என் பனியைப் பிடித்துத்தான் ஏறினார்கள்.

கதிருக்குப் போட்டோ அனுப்பியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் அன்றைக்கே கூப்பிட்டான். என்ன ஊசி போட்டாய், எவ்வளவு காற்று வைத்தாய், வெள்ளையில் எத்தனை பங்கு தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே போனான். ஊரைப் பற்றியோ மாமாவைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் வானிலையைப் பற்றியும் கேட்கவில்லை. பெட்டியை விற்பது பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

திரும்பி வந்தபிறகு சமையலறை, பஸ், நிலவறை, அளந்து கொடுத்த நேரம் எல்லாம் பழையபடி ஓடுகிறது. கால் மட்டும் ஒரு இடத்தில் நிற்க மறுக்கிறது. போடியிலிருந்து எனக்கு இதுவரை வந்த போன்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும். ஒடம்பப் பாத்துக்க, நேரத்துக்குச் சாப்பிடு, முடிஞ்சா வந்து தலையக் காட்டிட்டுப் போ. நேற்று அண்ணனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் ஜீப்பு ஓடுகிற சத்தம்.

"ஏத்தா செல்வி, ஒன் கதவு கீழ்மூலையில பெயின்ட் உரிஞ்சு தொங்குது. வண்டியக் கழுவ வாட்டர் சர்வீஸ் விட்டேன், பொளபொளன்னு வந்துருச்சு. என்ன வேலை பாத்த நீ? பொன்னுத்தாயி தெனமும் ஏசுது, ஒந் தங்கச்சி அரகொறையா விட்டுட்டுப் போயிருச்சுன்னு. பெயின்டர் ஸ்டிக்கர் ஒட்டிரலாம்ங்கிறான். நான் வேணாம்னுட்டேன். நீ போட்டது, நீதான் வந்து பாக்கணும். லீவப் போட்டுட்டு வெரசா வா."

சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் போட்டுக் காட்டினேன். "என்ன, திட்டுறாரா?" என்றார். "ஆமா, திட்டுறாரு" என்றேன். சொல்லிவிட்டு அதைத் திரும்பவும் போட்டுக் கேட்டேன்.

உரிந்தது எவ்வளவு, அடிப் பெயின்ட்டோடு வந்துவிட்டதா மேல்பூச்சு மட்டுமா என்று தெரியாமல் இங்கிருந்து நான் என்னத்தைத் தயார் செய்வது? கிட்டத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி நேற்றே கேட்டுவிட்டேன். இன்று காலையும் கேட்டேன். இந்த வரி எழுதும் வரை வரவில்லை. ஒரு போட்டோ அனுப்பத் துப்பில்லை, இதில் என்னை வெரசா வரச் சொல்கிறார்.